சண்டை போட ஓர் இடம்

கல்யாணமாகி மாதங்கள் ஓடிவிட்டன. புருஷனும் பெண்டாட்டியும் இன்னும் ஒரு சண்டைகூடப் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். "இப்படி ஒரு ஜோடியை நாங்க பார்த்ததே இல்லை" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லச் சொல்ல மாமியாருக்கு உச்சி குளிர்ந்து போகும். மருமகளுக்கு மட்டும் உள்ளே பற்றிக்கொண்டு வரும். சண்டை இல்லாமல் இல்லை. மனசு நிறையச் சண்டை இருந்தது. போடுவதற்குத்தான் இடம் இல்லை.

இருவருக்குமே பிறவியிலிருந்து பார்வை கிடையாது. அதனாலேயே அந்த வீட்டில் அவர்கள்மீது பாசம் கொஞ்சம் கூடுதலாகவே பொழிந்தது. மூன்றாம் மாடியில் சின்ன ஃபிளாட். ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து "ஜலதோஷமா?" என்று விசாரணை வரும். அவர்கள் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கல்யாணத்துக்கு முன்பே மாமனார் கழற்றி வைத்துவிட்டார். "உள்ளே ஏதாவது ஒண்ணுன்னா நாங்க எப்படி வர்றது?" என்பது அவர் கட்சி. உள்ளே ஏதாவது ஒன்று நடக்கட்டும் என்றுதானே கல்யாணம் செய்து வைத்தீர்கள் என்று அவரிடம் யார் கேட்பது?

மருமகள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். மாமியார் தண்ணீர் டம்ளரோடு நிற்பார்.

"என்ன கண்ணு, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்லை அத்தை."

பார்வையில்லாத பெண்ணைப் போய்க் கண்ணு என்று கூப்பிடுகிறோமே என்று அந்த அம்மாளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மருமகளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அத்தைமேல் கோபமே வரமாட்டேன் என்கிறதே, அதுதான் பெரிய தொல்லை. வெறுக்க ஒரு ஆள் இருந்தால் எவ்வளவோ வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

கோபமெல்லாம் புருஷன்மேல். அவனோ ஒரு பெரிய கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் தொலைபேசியில் பேசுகிறவன். நாள் பூராவும் யார் யாரோ காய்ச்சி எடுப்பதை வாங்கிக்கொண்டு, "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது" என்று தேன் ஒழுகப் பேசுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அதே குரலை வீட்டுக்கும் எடுத்து வந்துவிடுவான். ராத்திரி அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ரகசியக் குரலில் ஆரம்பித்தால், "நீ சொல்றது ரொம்ப நியாயம்" என்பான். நியாயம் என்று ஒப்புக்கொண்டவனோடு எப்படிச் சண்டை போடுவது? புகாரைப் பதிவு செய்துகொண்டு போனை வைத்தது போலத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவான்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்பு அவள் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் தன்னந்தனியாக வேலைக்குப் போய் வந்தவள். ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் மாற்றியவர்கள், முதுகு பிடித்தவர்கள், விழுந்து எழுந்தவர்கள் எல்லோரையும் "நடங்க, பயப்படாம நடங்க" என்று விரட்டி நடக்க வைப்பதுதான் அவள் தொழில். பெண் பேசி முடித்தபின் போனில் மணிக்கணக்காகப் பேசிய நாட்களில் இவன் என்ன சொன்னான்? "கல்யாணத்துக்கு அப்புறமும் நீ உன் இஷ்டம்போலத்தான் போகணும், வரணும்" என்று சொன்னான். கல்யாணம் முடிந்த முதல் திங்கட்கிழமை காலையில் அவள் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, மாமியார் பதறிப்போய், "தனியாவா? நாங்க எல்லாரும் எதுக்கு இருக்கோம்?" என்றார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அன்றிலிருந்து கொழுந்தனின் ஸ்கூட்டர்தான். முதலில் அண்ணியைக் கிளினிக்கில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு போவான். மூன்று பேராகப் போனால் மாமனாரே வீட்டில் அபராதம் போட்டுவிடுவார். ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கொழுந்தன் தங்கமான பையன், முகம் சுளிக்காமல் செய்தான். ஆனாலும் அவளுக்குத் தான் ஒரு பார்சல் ஆகிவிட்டதாகவே பட்டது. ஏற்று, இறக்கு, கையெழுத்து வாங்கு. ஆயுசு முழுக்க இப்படித்தானா? அன்று ஒரே ஒரு வார்த்தை, "அவ போகட்டும்மா" என்று இவன் சொல்லியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? அதைத்தான் அவள் தொண்டை கிழியக் கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் கொழுந்தன் சேதி கொண்டுவந்தான். தெருக்கோடிப் பூங்காவை எல்லோரும் புழங்கும்படி மாற்றிக் கட்டியிருக்கிறார்களாம். ஒவ்வொருவராகத் திருகித் திருகி நுழைய வைத்த இரும்புச் சுழல்கதவைப் பிடுங்கிவிட்டு அகலமான வாசல். படிக்குப் பதில் சாய்தளம். பாதை நெடுக மஞ்சள் ஓடு, அதில் மேடு மேடாக ஏதோ அச்சு.

"என்ன அச்சு? கோடா, புள்ளியா?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"ரெண்டும் இருந்தது அண்ணி. பார்க்க அழகா இருந்தது."

"கோடுன்னா போன்னு அர்த்தம். புள்ளின்னா நில்லு, முன்னால ஏதோ இருக்குன்னு அர்த்தம். அது எங்களுக்குப் போட்டது!" மாமனார் இருந்த திசையில் திரும்பினாள். "மாமா, நாங்க ரெண்டு பேரும் பூங்காவுக்குத் தனியா போயிட்டு வரோம்."

மாமியாருக்கு முதலில் புரியவே இல்லை. "தனியான்னா? யாரு கூட தனியா?"

"தனியான்னா தனியா, அத்தை. அவரும் நானும்."

மாமனார் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பைக் கேட்டு எத்தனையோ பேருக்குக் கியர் நழுவியிருக்கிறது. தன் உத்தியோகக் காலத்தில் முதல் தடவையே யாரையும் அவர் தேற விட்டதில்லை. பாஸ் போட்டால் ஓட்டத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான் என்பார்.

"ஒரு டெஸ்ட் வைக்கிறேன்" என்றார். "பூங்கா வாசல்ல இருந்து கிளம்பி, உள்ளே ஒரு சுத்து சுத்தி, யார் கையையும் பிடிக்காம திரும்ப வாசலுக்கு வரணும். வந்துட்டா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா இந்தத் தனியாப் பேச்சு இனிமே இந்த வீட்டுல கிடையாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் மருமகள். புருஷன் வழக்கம்போல மிகவும் நியாயமாக மௌனம் சாதித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெஸ்ட். குடும்பம் மொத்தமும் பூங்கா வாசலிலேயே நிற்பதாகச் சத்தியம் செய்தது. உள்ளே ஒரு ஓரத்தில் இன்னும் மண்வெட்டிச் சத்தம் கேட்டது, ஈர சிமெண்ட் வாசனை வந்தது. அவள் கோலை விரித்தாள். மாதக்கணக்காக மடங்கிக் கிடந்த கோல் 'டக் டக்'கென்று நிமிர்ந்தபோது அவளுக்கு முதுகுத்தண்டே நிமிர்ந்தது போல இருந்தது. புருஷன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவனிடம் கோல் கிடையாது. சிறுவயதிலிருந்து தம்பி தோள்தான் அவனுக்குக் கோல்.

மெல்லிய செருப்பு போட்டு வந்திருந்தாள், ஓடு பேசுவது பாதத்துக்குக் கேட்கவேண்டும் என்று. முதல் ஓட்டில் கால் வைத்தாள். கோடு. போ. அடுத்த ஓடு புள்ளி. நில். நின்றாள். கோலால் முன்னாலும் பக்கத்திலும் துழாவினாள். படி இல்லை, பள்ளம் இல்லை, கம்பம் இல்லை. அடுத்த ஓடு கோடு. போ. அதற்கடுத்தது புள்ளி. நில்.

"என்ன ஆச்சு?" என்றான் புருஷன்.

"நிக்கச் சொல்லுது."

"எதுக்கு?"

"தெரியலை. இப்பப் போகச் சொல்லுது."

"சரி, போகலாம்."

"இருங்க, மறுபடியும் நிக்கச் சொல்லுது."

பின்னால் வேக நடை நடந்து வந்த ஒருவர் இவர்கள்மீது மோதி, மன்னிப்புக் கேட்டு, சுற்றிக்கொண்டு போனார். இருவரும் ஓட்டுக்கு ஒரு தடவை பிரேக் அடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவளுக்கு வியர்த்துவிட்டது. ஊரில் உள்ள அபாயமெல்லாம் இந்தப் பூங்காவுக்குள்தான் குடியிருக்கிறதா? ஒருவழியாக வளைவுக்கு வந்தபோது ஓடு அவளுக்கு நான்கு பக்கமும் வழி காட்டியது. நடுவில் புள்ளி, சுற்றிலும் கோடு, இப்படியும் போ, அப்படியும் போ, எப்படி வேண்டுமானாலும் போ. பொறுத்தது போதும் என்று ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்துத் துணிந்து நடந்தாள். அது நேரே புதிதாகக் கொத்தித் தண்ணீர் விட்டிருந்த பூம்பாத்திக்குள் போய்ச் சேர்ந்தது. கோல் சேற்றில் புதைய, புருஷன் ஒரு காலை உள்ளே விட, அவனைப் பிடிக்கப் போய் அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

கண் மூடித் திறக்கும் நேரத்தில் அவள் தோளை இரண்டு கைகள் பற்றின. அத்தையின் கைகள். வாசலில் நிற்பதாகச் சத்தியம் செய்த அத்தை, மரத்துக்கு மரம் ஒளிந்து பின்னாலேயே வந்திருக்கிறார்.

"போதும் கண்ணு, போதும். அடி பட்டுச்சா?"

மாமனாரும் வந்து சேர்ந்தார். "ஃபெயில்" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. நிம்மதிதான் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. இனி ஸ்கூட்டர்தான், டம்ளர் தண்ணீர்தான், தாழ்ப்பாள் இல்லாத கதவுதான். சேற்றுக் கையோடு எழுந்து நின்றாள்.

"இந்த ஓட்டைப் பதிச்சது யாரு?" என்று கத்தினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கத்தியது அதுதான் முதல் தடவை.

மண்வெட்டிச் சத்தம் நின்றது. "நான்தாம்மா" என்று ஒரு குரல் பெருமையோடு வந்தது. "நான்தான் மேஸ்திரி. என்னம்மா, நல்லா இருக்கா? வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க."

"ஏன் ஒண்ணுவிட்டு ஒண்ணு வச்சிருக்கீங்க?"

"அதுதாம்மா டிசைனே!" மேஸ்திரிக்கு உற்சாகம் பொங்கிற்று. "ரெண்டு ஜாதி ஓடு அனுப்பியிருந்தாங்க. கோடு போட்டது ஒண்ணு, புள்ளி வச்சது ஒண்ணு. எப்படிப் பதிக்கணும்னு யாரும் சொல்லலை. ஒரே மாதிரி நீட்டமாப் பதிச்சா கண்ணுக்கு என்ன இருக்கும், சொல்லுங்க? அதான் சதுரங்கப் பலகை மாதிரி மாத்தி மாத்தி வச்சேன். வளைவுல பூ போட்டிருக்கேன், பார்த்தீங்களா? நடுவுல புள்ளி மொட்டு, சுத்திக் கோடு இதழ். ஒரு பூவுக்கு ஒரு பொழுது ஆச்சு எனக்கு."

அவளுக்கு வந்த அழுகை வழியிலேயே திசை மாறிச் சிரிப்பாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரி திகைத்துப்போனார்.

"மேஸ்திரி, செருப்பைக் கழட்டுங்க. கண்ணை மூடிட்டு இந்த ஓட்டு மேல நடங்க. கோடு தட்டினா போகலாம். புள்ளி தட்டினா, முன்னால குழியோ படியோ சுவரோ இருக்குன்னு அர்த்தம். நடங்க."

மேஸ்திரி கண்ணை மூடினார். ஒரு அடி வைத்தார், நின்றார். ஒரு அடி வைத்தார், நின்றார். வளைவில் தன் பூவுக்கு நடுவில் போய் நின்று, காலால் இப்படித் தடவி, அப்படித் தடவி, ஒரேயடியாக நின்றுவிட்டார்.

"ஐயோ" என்றார். "என்னம்மா இது, அடிக்கு ஒரு தடவை கெட்ட சேதி சொல்லி வச்சிருக்கேனே."

இதுவரை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமனாருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. உறைத்ததும் கொதித்தது. மருமகளுக்காகக்கூட அல்ல. வாழ்நாள் முழுவதையும் சாலை விதிகளுக்கே கொடுத்த மனிதர் அவர்.

"ஒரு ரோட்டுல அடிக்கு ஒரு ஸ்டாப் போர்டு வச்சா எவன்யா வண்டி ஓட்டுவான்? வளைவுல எல்லாப் பக்கமும் பச்சை விளக்கு எரிஞ்சா எவன் உயிரோட வீட்டுக்குப் போவான்?"

"தெரியாம செஞ்சுட்டேங்க" என்றார் மேஸ்திரி.

"தெரியாம செஞ்சாலும் தப்பு தப்புதான்." மாமனார் நிறுத்தி, கனைத்தார். அடுத்துச் சொல்ல வேண்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விதி விதிதான். "டெஸ்ட் நடத்துற இடம் சரியில்லைன்னா டெஸ்ட் செல்லாது. அந்த ஃபெயிலை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"அப்ப மறுபடியும் டெஸ்ட் உண்டா மாமா?"

"இடத்தைச் சரி பண்ணட்டும்."

மறுநாளிலிருந்து பூங்காவில் கொண்டாட்டம்தான். மாமனார் நகராட்சிப் பொறியாளரைத் தேடிப் பிடித்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்னும் வரை விளக்கிவிட்டு வந்தார். பொறியாளரும் அந்தச் சதுரங்கத்தைப் பார்த்து மெச்சினவர்களில் ஒருவர்தான். வெட்கப்பட்டு, பெயர்த்துப் போடச் சொல்லிவிட்டார். மேஸ்திரி தன் பூக்களைத் தானே உளியால் பெயர்த்தார். பெயர்க்கும்போது மனுஷன் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பெருமூச்சு விட்டார் என்று கொழுந்தன் வந்து சொன்னான். சாயங்காலம் கிளினிக் முடிந்து வந்ததும், அன்றன்று பதித்த துண்டை அவள் போய் மிதித்துப் பார்ப்பாள். "இங்க பென்ச் வருதும்மா, என்ன வைக்கட்டும்?" என்பார் மேஸ்திரி. "பக்கத்துல புள்ளி வைங்க மேஸ்திரி, உட்காரலாம்னு தெரியணும்ல." துணைக்கு வந்த மாமியார் எல்லோருக்கும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து ஊற்றினார்.

அங்கே இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். தெருமுனையில் வாட்ச் பழுது பார்க்கிறவர், சக்கர நாற்காலிக்காரர். அவர் கடைக்கு எதிரிலேயே பூங்கா இருந்தும், அந்தச் சுழல்கதவின் புண்ணியத்தில் இத்தனை வருஷமும் வேலிக்கு வெளியில் இருந்துதான் மரம் பார்த்திருக்கிறார். வாசலை அகலப்படுத்திய அன்று உள்ளே போனவர், தூங்குவதற்கு மட்டும்தான் வீட்டுக்குப் போகிறார் என்று அவர் மனைவி புகார் சொன்னாராம்.

"உங்க கோடு புள்ளியெல்லாம் சரி தங்கச்சி" என்றார் அவர். "ஆனா பாதைக்கு நட்டநடுவுல வச்சா என் சக்கரம் அது மேல ஏறி, பல்லு முப்பத்திரண்டும் தந்தி அடிக்குது. கொஞ்சம் ஓரமா தள்ளி வைக்கச் சொல்லு."

அதுவும் நியாயம்தான் என்று கோடு ஓரத்துக்குப் போயிற்று. சக்கரத்துக்கு வழவழப்பான நடுப்பாதை, கோலுக்கு ஓரத்தில் மேடு. அவரவர் வழியில் அவரவர் போகலாம்.

இதற்கிடையில் அவள் புருஷனுக்கும் ஒரு கோல் வாங்கிக் கொடுத்துவிட்டாள். "எனக்கு எதுக்கு?" என்றான். "என் முழங்கை எனக்கு வேணும்" என்றாள். ராத்திரியில் ஹாலில் பழகினான். நாற்காலிகள், சுவர், அம்மாவின் கணுக்கால் எல்லாம் அடி வாங்கின. "தட்டுடா தட்டு, எனக்கு வலிக்கலை" என்று மாமியார் நொண்டிக்கொண்டே சொன்னார்.

இரண்டாவது டெஸ்டுக்கு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். யாரும் பின்னால் வரக்கூடாது. மாமனார் ஒப்புக்கொண்டார். எட்டுப் போடும்போது இன்ஸ்பெக்டர் ஓரமாகத்தான் நிற்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? மாமியாரும் சத்தியம் செய்தார். அத்தையின் சத்தியம் எத்தனை தூரம் நடக்கும் என்று தெரிந்திருந்ததால், மருமகள் வாட்ச்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். அவர்கள் இருவரும் உள்ளே போன மறுகணம், அவர் வாசலுக்குக் குறுக்கே தன் சக்கர நாற்காலியை நிறுத்தி இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டார்.

"கொஞ்சம் நகருங்களேன்" என்றார் மாமியார்.

"மாட்டிக்கிச்சும்மா. நகர மாட்டேங்குது" என்றார் வாட்ச்காரர், ஊரிலேயே நுணுக்கமான யந்திரங்களைச் சரி செய்கிறவர்.

உள்ளே அவர்கள் நடந்தார்கள். கோடு, கோடு, கோடு. நெடுக ஒரே சொல்: போ, போ, போ. இரண்டு கோல்களும் தாளம் தப்பித் தப்பித் தட்டின, பிறகு மெல்ல ஒரு தாளத்துக்கு வந்தன. வளைவில் புள்ளி. நின்றார்கள், திரும்பினார்கள், மறுபடியும் கோடு. முகத்தில் வெயில் பட்டு மறைந்து பட்டது. எங்கோ குழந்தைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டன. தோளில் யார் கையும் இல்லை. அவளுக்கு வாய்விட்டுப் பாடவேண்டும் போல இருந்தது.

பூங்காவின் கோடியில் ஓரத்தில் புள்ளி தட்டியது. பென்ச். உட்கார்ந்தார்கள்.

"இங்க யாராவது இருக்காங்களா?" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் காது கொடுத்தான். "யாரும் இல்லை."

"அத்தை?"

"இல்லை. வாசல்ல யாரையோ திட்டிட்டு இருக்காங்க, கேக்குது."

அவள் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். "இப்பச் சொல்லு" என்றாள். வீட்டில் அவனை நீங்க, வாங்க என்றுதான் பேசுவாள். "அன்னிக்கு ஏன் வாயைத் திறக்கலை?"

"நீ கேக்கறது ரொம்ப நியா—"

"அந்தக் குரல்ல பேசினே, கோலாலயே போடுவேன்! நான் என்ன உன் கஸ்டமரா? போன்ல என்ன சொன்னே? இஷ்டம்போல போ, இஷ்டம்போல வான்னு சொன்னியா இல்லையா? அதை நம்பித்தானே வந்தேன்? என்னைத் தூக்கி ஸ்கூட்டர்ல வச்சுக் கட்டினப்போ நீ எங்க போயிருந்தே? வாய்ல என்ன வச்சிருந்தே?"

"கத்தாதே."

"கத்துவேன்! இதுக்குத்தான் வந்தேன்! ஏன் பேசலை, சொல்லு!"

"பயமா இருந்துச்சு!" என்று அவன் கத்தினான். தேன் ஒழுகும் குரல் உடைந்து, கீச்சென்று, எவ்வளவோ உயரத்துக்குப் போயிற்று. பக்கத்து மரத்திலிருந்து பறவைகள் சடசடவென்று கிளம்பின. "எனக்குப் பயம், தெரியுமா உனக்கு? இந்த வயசு வரைக்கும் ஒரு ரோட்டைக்கூட நான் தனியா தாண்டினதில்லை. நீ ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போறேன்னு சொன்னியே, அன்னிக்குத்தான் எனக்கு உன்மேல ஆசையே வந்தது. வீட்டுக்கு வந்ததும் நீ கோலை எடுத்துட்டுக் கிளம்பினே. நீ பாட்டுக்குப் போயிடுவே. நான் மட்டும் தினம் தம்பி முதுகைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கணும். பார்க்கறவங்க என்ன சொல்வாங்க? பெண்டாட்டி போறா, இவனால முடியலைன்னு சொல்வாங்க. அதான் பேசலை. நீயும் என்கூடவே உட்கார்ந்திருந்தா போதும்னு இருந்துட்டேன். போதுமா?"

அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இத்தனை நாளில் இவன் பேசிய முதல் பேச்சு இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இதை முன்னாலேயே சொல்ல வேண்டியதுதானே, மடையா?" என்றாள். அவள் குரலில் பாதிதான் கோபம்.

"எங்க வச்சுச் சொல்றது? அம்மா தண்ணி எடுத்துட்டு வந்துடுவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, பாக்கி இருந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சண்டை போட்டார்கள். அவன் குறட்டை, அவள் குளியலறையில் அடிக்கும் கூத்து, யார் கதவைச் சாத்துவது, யார் முதலில் போனில் "வை" என்று சொன்னது, எதையும் விடவில்லை. தொண்டை கட்டும்வரை போட்டார்கள். அவன் அவள் கையைத் தேடி எடுத்துக்கொண்டபோது அவள் விலக்கவில்லை.

வாசலுக்கு அவர்கள் திரும்பி வந்தபோது அங்கே பெரிய அமளி. வாட்ச்காரர் பிரேக்கை எடுத்தார். மாமியார் பாய்ந்து வந்து இருவர் முகத்தையும் தடவிப் பார்த்தார்.

"என்ன சத்தம் அது? தெரு வரைக்கும் கேட்டுதே! சண்டையா?"

"ஆமா அத்தை, நல்ல சண்டை" என்றாள் மருமகள் கரகரத்த தொண்டையில்.

"சண்டை போட்ட மூஞ்சியா இது? ரெண்டும் பல்லைக் காட்டிட்டு வருது!"

மாமனார் கனைத்தார். "பாஸ்" என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. உடனே, "ரோடு நல்லா இருந்தது" என்று சேர்த்துக்கொண்டார்.

கொழுந்தன் சாவியைச் சுழற்றினான். "வாங்க அண்ணி, முதல்ல உங்களை விட்டுடறேன்."

"வேண்டாம்டா" என்றான் புருஷன்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் மூச்சு விடாமல் நின்றாள்.

"அம்மா, நாளையிலேர்ந்து அவ பஸ்ல போவா. அவ இஷ்டம்போலப் போவா, வருவா. நானும் அவகூட பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போய்ப் பழகப் போறேன். விழுந்தா விழறேன். எழுப்பி நடக்க வைக்கிற வேலைதான் அவளுக்குத் தெரியுமே."

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் சொல்லிவிட்டான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மாதக்கணக்காகக் காத்திருந்த சொல். வந்துவிட்டது.

மாமியார் ஏதோ சொல்லப் போகிறார், அழப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் மருமகளின் காதருகே குனிந்தார்.

"கண்ணு, நீங்க உட்கார்ந்த பென்ச் எங்க இருக்கு?"

"கோட்டைப் பிடிச்சுட்டே போங்க அத்தை. ரெண்டு வளைவு தாண்டினா ஓரத்துல புள்ளி வரும், அங்கதான். எதுக்கு?"

மாமியார் கையிலிருந்த பிளாஸ்கைக் கொழுந்தனிடம் கொடுத்தார். பிறகு மாமனார் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, கொஞ்சம் உள்ளே வாங்க. உங்ககிட்ட எனக்கு ரொம்ப வருஷமா பேச வேண்டியது இருக்கு."

"இங்கயே சொல்லேன்" என்றார் மாமனார். கனைக்க மறந்துவிட்டார்.

"இங்க முடியாது. சத்தமாப் பேசணும்."

வாட்ச்காரர் மரியாதையாக நாற்காலியை ஓரம் கட்டி வழி விட்டார். மாமியார் முன்னால் போனார். மாமனார் ஒருமுறை மகனைப் பார்த்தார், ஒருமுறை மருமகளைப் பார்த்தார், யாரும் உதவிக்கு வரவில்லை என்று தெரிந்ததும் மஞ்சள் கோட்டின்மேல் மெதுவாக அடி வைத்துப் பின்னாலேயே போனார்.